அலைக்குப் பின் பிறந்தவர்கள்

2005ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் நாகப்பட்டினம் கடற்கரையில், உடையாமல் தப்பிய படகுகள்கூடக் கடலுக்குப் போகவில்லை. உடைந்தவற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. துறைமுகத்தை ஒட்டி விசைப்படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கட்டுமரங்கள் வீடுகளுக்குள்ளும் வேலிகளுக்கு மேலும் செருகிக்கொண்டு நின்றன. ஆனால் பழுதில்லாத படகும், கிழியாத வலையும், அவற்றைக் கையாளத் தெரிந்த மனிதர்களும் இருந்த இடங்களிலும் தொழில் நடக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கடலைத் தாய் என்று அழைத்து, படகில் ஏறுமுன் அதன் நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பழகியவர்கள், இப்போது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாராவது துணிந்து சென்று கொண்டுவந்த மீனையும் வாங்க ஆளில்லை. கடல் கொண்டுபோன உடல்களைத் தின்ற மீன் என்ற அருவருப்பு, கரையோரக் குப்பங்களிலிருந்து உள்நாட்டுச் சந்தைகள் வரைக்கும் பரவியிருந்தது.

வாழ்வின் ஆதாரமாக இருந்த ஒன்றே வாழ்வைப் பறித்துக்கொண்ட பிறகு, மனிதனுக்குள் நம்பிக்கை என்பது மறுபடியும் எவ்விதம் உண்டாகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கரைதான் நினைவுக்கு வருகிறது. மகான்களின் சரித்திரங்களில் துக்கத்துக்குப் பின் ஞானம் வருகிறது. அரச குமாரன் பிணியையும் மூப்பையும் கண்டு துறவு பூணுகிறான். கவிஞன் தன் சோகத்தைக் காவியமாக்கிக் கரையேறுகிறான். துறவு பூண வசதியற்றவர்களும், காவியம் எழுதத் தெரியாதவர்களும், நாளை அடுப்பு எரிய வேண்டுமே என்ற கவலையோடு இன்றைய இழவையும் சேர்த்துச் சுமக்கிறவர்களும் என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றி நம் நூல்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. உலகத்தில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்களாக இருப்பதால், இதை ஒருமுறை பொறுமையோடு நினைத்துப் பார்ப்பது பயனுள்ள காரியம் என்று கருதுகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி அளவில் சுமத்ராத் தீவின் மேற்குக் கரைக்கு அப்பால், கடலடியில் 9.1 அளவுள்ள பூகம்பம் நிகழ்ந்தது. அதில் எழுந்த அலை வங்காள விரிகுடாவைக் கடந்து நம் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டரை மணி நேரமும், நாகையிலும் கடலூரிலும் கன்னியாகுமரிக் கரையிலும் மக்கள் வழக்கம்போல் பல் துலக்கி, பிள்ளைகளுக்குப் பசியாற்றி, கரைக்கு வரும் படகுகளை எதிர்பார்த்துக் கூடையோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் செய்தி சொல்ல இந்துமாக்கடலில் அப்போது எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. ஆழ்கடலில் அந்த அலை ஆகாய விமானத்தின் வேகத்தில் விரைந்தாலும், உயரத்தில் ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆழம் குறையக் குறையத்தான் வேகம் தணிந்து சுவராக எழும்புகிறது. ஆகையால் அன்று நடுக்கடலில் இருந்த ஆடவர்கள் பலருக்குப் படகு ஒருமுறை ஏறி இறங்கியதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் பத்திரமாக இருந்தார்கள். கரையில் இருந்த மனைவியரும், விடுமுறைக்காக வீட்டில் இருந்த குழந்தைகளும், வயோதிகர்களும் போனார்கள். ஆபத்தான தொழிலுக்குச் சென்ற கணவன் நல்லபடியாகத் திரும்ப வேண்டுமே என்று கரையிலிருந்து கைகூப்புவதுதான் நெய்தல் நிலத்து மனைவியின் சனாதன வழக்கம். அன்று கடலிலிருந்து திரும்பியவன் கரையைக் காணாமல் தவித்தான்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழகம் முழுவதிலும் ஏறத்தாழ 8,000 பேர். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற ஊர்கள் பெரும் இழப்பைக் கண்டன. புடவை நீரில் காலைச் சுற்றியதாலும், கூந்தல் கருவேல முள்ளில் சிக்கியதாலும் ஓட முடியாமல் போன பெண்களைப் பற்றி அந்த ஊர்களில் கேட்டிருக்கிறேன். இயந்திரங்கள் குழி தோண்ட, யார் எவர் என்று அடையாளம் காண நேரமின்றி, சடங்கும் பாடையும் கொள்ளியும் இன்றி உடல்கள் மொத்தமாக அடக்கமாயின. மரணத்தைக் காட்டிலும் இது ஒரு தனித் துயரம். சாவை மனம் ஏற்றுக்கொள்வதற்காக நம் முன்னோர் ஏற்படுத்தி வைத்த சம்பிரதாயங்கள் யாவும், பிரேதத்தைக் கண்ணால் கண்டு, குளிப்பாட்டி, வாய்க்கரிசி இட்டு, இன்னாருடையது என்று பெயர் சொல்லி அனுப்பி வைப்பதில் தொடங்குகின்றன. அந்த முதற்படியே இல்லாதபோது துக்கம் எந்தப் படியில் கால் வைத்து இறங்கும்?

தெய்வத்தைப் பற்றிய கேள்வி அந்த வாரத்திலேயே எழுந்துவிட்டது. வேளாங்கண்ணியில் அது கூர்மையான ரூபம் கொண்டது. புயலில் சிக்கிய போர்ச்சுகீசிய மாலுமிகளை மாதா கரை சேர்த்தாள் என்ற ஐதிகத்தின் மேல் எழுந்த தலம் அது. கடலின் சீற்றத்திலிருந்து காப்பாற்றுகிறவள் என்பதே அவளுக்குரிய கீர்த்தி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் பல மாநிலங்களிலிருந்தும் யாத்திரிகர்கள் வந்து குழுமியிருந்தார்கள். பேராலயத்துக்குள் நீர் புகவில்லை. உள்ளே பிரார்த்தனையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஆலயத்துக்கும் கடலுக்கும் இடையிலிருந்த கடைவீதியிலும் மணலிலும் நின்றிருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் இதை அற்புதம் என்றார்கள். அவர்கள் அப்படிச் சொன்னதில் பிழையில்லை. உயிர் தப்பியவன் நன்றி சொல்லாமல் வேறென்ன செய்வான்? ஆனால் மணலில் நின்றவனும் அதே மாதாவைத் தேடி, அதே ரயிலில், அதே நேர்த்திக்கடனோடு வந்தவன்தானே. பூசை முடிந்து, பிள்ளைக்குக் கடல் காட்டலாம் என்று இறங்கிப் போனவன் என்ன அபசாரம் செய்தான்? பிழைத்தவனின் நன்றியை ஒரு சித்தாந்தமாக்கி, அதை மாண்டவனின் மனைவியிடம் போய்ச் சொல்லுவது பெரும் கொடுமை. அந்த நாள்களில் அதைச் செய்தவர்களும் இருந்தார்கள். பாவத்தின் சம்பளம் என்று ஒருவர் சொன்னார். கலி முற்றிவிட்டது என்று இன்னொருவர் சொன்னார். பூர்வ ஜன்ம கர்மம் என்று மூன்றாமவர் சொன்னார். மூன்று வயதுக் குழந்தையைப் பறிகொடுத்தவளிடம் சொல்லத் தகுந்த காரணம் எந்தச் சமயத்திலும் இல்லை என்பதே என் துணிபு. காரணம் சொல்லாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தவர்களைத்தான் அந்த ஊர்கள் இன்றும் நினைவு வைத்திருக்கின்றன.

அப்படி உட்கார்ந்தவர்களில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தைச் சேர்ந்தவர்களை நான் முதலில் சொல்லுவேன். கடலூர் மாவட்டத்துக் கரையில், சுற்றியுள்ள மீனவக் குப்பங்களிலிருந்து ஈரத் துணியோடு ஓடிவந்த மக்களை அந்த முஸ்லிம் பெரியோர்கள் கல்யாண மண்டபங்களில் தங்கவைத்து, உடுத்தத் துணி கொடுத்து, நாள் கணக்கில் சமைத்துப் போட்டார்கள். ஓடிவந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். அரசாங்கத்தின் கை வந்து சேரும் வரைக்கும் அந்தச் சமூகத்தின் கை காத்திருக்கவில்லை. பசித்தவனுக்கு முன்னால் வைக்கப்பட்ட இலை தெய்வத்தைப் பற்றி எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது என்றாலும், உலகம் முழுவதும் அந்த அலையைப்போல் இல்லை என்று சொல்லுகிறது. இழந்தவன் முதன்முதலாகக் கேட்டுக்கொள்ளக்கூடிய செய்தி அவ்வளவுதான். அதற்கு மேல் பெரிய செய்தி எதையும் அந்தக் காது அப்போது ஏற்றுக்கொள்ளாது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிற விஷயத்துக்கு வருகிறேன்.

நம் மாநிலத்தில் இரண்டு அல்லது மூன்று குழந்தைகள் பிறந்ததும் பெண்கள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் செய்துகொள்ளுவது சர்வசாதாரணமாகிவிட்ட காரியம். மீனவக் குப்பங்களிலும் அப்படித்தான். கணவனும் மனைவியும் உயிரோடிருக்க, குழந்தைகள் எல்லோரும் போய்விட்ட வீடுகள் அந்தக் கரையில் இருந்தன. அவ்வீடுகளில் பல தாய்மார்கள் அந்த ஆபரேசனைச் செய்துகொண்டவர்கள். துக்கத்தோடு துக்கமாக, இனி இல்லை என்ற தீர்ப்பும் அவர்கள் உடம்பிலேயே எழுதப்பட்டிருந்தது. 2005இல் அரசாங்கம் ஓர் அறிவிப்புச் செய்தது: இவ்வாறு குழந்தைகளை இழந்த தாய்மார்களுக்கு, கட்டி வெட்டிய கருக்குழாயை மறுபடியும் இணைக்கும் சிகிச்சை அரசின் பொறுப்பில் செய்யப்படும் என்று. நிவாரணங்களின் நீண்ட பட்டியலில் படகும் வலையும் வீடும் பணமும் பெற்ற கவனத்தை இது பெறவில்லை. ஆனால் ஓர் அரசாங்கம் தன் குடிமக்களின் துக்கத்தை இவ்வளவு கிட்டத்தில் வந்து பார்த்த சந்தர்ப்பங்கள் குறைவு என்றே நினைக்கிறேன்.

அந்தச் சிகிச்சை எளிதானதன்று. வயிற்றைத் திறந்து, குழாயின் இரு முனைகளையும் தேடி எடுத்து, வடுவான பகுதியை நீக்கிவிட்டு, உருப்பெருக்கியின் உதவியால், தலைமயிரைக் காட்டிலும் மெல்லிய நூலால் தைக்க வேண்டும். தைத்த பிறகும் கருத்தரிக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. தாயின் வயது, முன்பு கட்டிய முறை, மிஞ்சியிருக்கும் குழாயின் நீளம் ஆகியவற்றைப் பொறுத்தது பலன். கரு குழாயிலேயே தங்கிவிடும் அபாயமும் உண்டு. டாக்டர்கள் இவற்றையெல்லாம் சொல்லியே கையெழுத்து வாங்கினார்கள்.

அவ்வாறு கையெழுத்துப் போட்ட ஒரு தாயோடு நான் பேசியிருக்கிறேன். மீன் விற்கிறவர். மகள் ஒன்று, மகன் ஒன்று. இரண்டையும் ஒரே அலையில் கொடுத்தவர். அலுமினியக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கையில் ஒட்டியிருந்த மீன் செதிலை நகத்தால் சுரண்டிக்கொண்டே அவர் பேசினார், கண்ணீர் விடவில்லை, குரல் ஏறவும் இல்லை.

“ஆபரேசன் பண்ணிக்கிட்டப்ப ரெண்டு போதும்னாங்க. நானும் ரெண்டு போதும்னுதான் நெனச்சேன். கடலுக்கு அந்த ரெண்டும் வேண்டியிருந்துச்சு தம்பி.”

மறுபடியும் ஆபரேசனுக்குப் போகும்போது குழந்தை பிறக்கும் என்று நம்பினீர்களா என்று கேட்டேன்.

“நம்பிக்கையா? அதெல்லாம் அப்ப எங்க இருந்துச்சு? மாமியா கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாங்க, போனேன். படுன்னாங்க, படுத்தேன். இவரு அப்பதான் குடிக்கிறத ஒரு வாரமா நிறுத்தியிருந்தாரு. நா மாட்டேன்னா திரும்ப ஆரம்பிச்சுடுவாருன்னு பயம். அதுக்குத்தான் போனது.”

நம்பிக்கை என்பது முதலில் உள்ளத்தில் தோன்றி, பின்னர் செயலாக வெளிப்படுகிறது என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். உபதேசங்கள் யாவும் அந்த வரிசையை அனுசரித்தே அமைந்திருக்கின்றன. முதலில் விசுவாசி, பிறகு எழுந்து நட என்கிறார்கள். அந்த அம்மாள் சொன்ன வரிசை இதற்கு நேர் மாறானது. அவர் நடந்தார், ஒருவர் கையைப் பிடித்து இழுத்ததால், இன்னொருவர் விழுந்துவிடக் கூடாதே என்பதால், நடந்தார். உள்ளம் அப்போது இருண்டுதான் கிடந்தது. அந்த இருட்டில் அவரை நடத்தியது எதிர்காலத்தைப் பற்றிய நம்பிக்கை அன்று. பக்கத்தில் இருந்த ஒரு மனிதனின் மேல் மிஞ்சியிருந்த அக்கறை. அந்த அக்கறைகூட அன்பு என்று சொல்லத்தக்க அளவுக்குச் சூடாக இருக்கவில்லை என்பதையும் அவரே சொன்னார். கடமை என்று வேண்டுமானால் சொல்லலாம். பழக்கம் என்றும் சொல்லலாம். மனித சுபாவத்தின் அடித்தட்டில், எல்லா உணர்ச்சிகளும் வற்றிய பின்னும் வற்றாமல் கசிகிற ஒன்று இருக்கிறது. அதை நம் தத்துவ நூல்கள் போதிய அளவு மதிக்கவில்லை என்பது எனக்கு வெகுகாலமாக உள்ள குறை.

சாமி கும்பிடுவதை நிறுத்தியிருந்தாரா என்றும் கேட்டேன். விளக்கு ஏற்றுவதை அடியோடு நிறுத்திவிட்டாராம். இடிந்த வீட்டில் மிஞ்சிய ஒரு மாரியம்மன் படத்தையும் கடலிலேயே வீசிவிட்டு வந்ததாகச் சொன்னார். பிறகு, கரு தங்கி, ஐந்தாம் மாதத்தில் பிள்ளை முதன்முதலாக வயிற்றில் புரண்ட அன்று, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறி வேளாங்கண்ணிக்குப் போனார். அந்தக் கரையில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்ற பாகுபாடு இவ்விஷயத்தில் எக்காலத்திலும் கறாராக இருந்ததில்லை. மாதாவுக்குத் தொட்டில் கட்டுகிறவளே நாகூர் ஆண்டவருக்குச் சர்க்கரை ஓதுவாள், வீட்டுக்கு வந்து மாரிக்குக் கூழும் ஊற்றுவாள்.

“வேண்டிக்கப் போகல. சண்டை போடத்தான் போனேன். அந்த ரெண்டையும் எடுத்தியே, இப்ப இது எதுக்குன்னு கேக்கணும்னு போனேன். அங்க போய் நின்னா வார்த்த வரல. பக்கத்துல ஒரு கெழவி மெழுகுத்திரியக் கையில வச்சுக்கிட்டு நெருப்பு இல்லாம நின்னுச்சு. அதுக்குப் பத்தவச்சுக் குடுத்துட்டு வந்தேன்.”

இதைப் பக்தி என்று சொல்ல வைதிகர்கள் தயங்கக்கூடும். எனக்குத் தயக்கம் இல்லை. பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணம் அந்தராத்மாவில் எங்கோ உயிரோடிருந்தால்தான் மனிதன் சண்டைக்குப் புறப்படுகிறான். நாயன்மாரும் ஆழ்வாரும் தங்கள் தெய்வத்தோடு பிணங்கியிருக்கிறார்கள். அந்தப் பிணக்கை நாம் பாட்டாகப் பாடித் தித்திப்பாக்கிவிட்டோம். இந்த அம்மாளுடைய பிணக்கில் தித்திப்பு இல்லை. அவருக்கு விடையும் கிடைக்கவில்லை. அவர் இழந்த இரண்டுக்கும், பெற்ற ஒன்றுக்கும் கணக்கு நேராகவில்லை. நேராகும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை. பிறந்த பிள்ளைக்கு மூத்தவனுடைய பெயரையே வைக்கும்படி சுற்றத்தார் வற்புறுத்தினார்களாம். அந்த வழக்கம் அக்கரையில் பல வீடுகளில் இருந்தது. போனதே திரும்பி வந்தது என்று எண்ணுவதில் ஓர் ஆறுதல் இருக்கத்தான் செய்கிறது. இவர் உடன்படவில்லை. அவன் பெயர் அவனுக்கே இருக்கட்டும் என்று சொல்லி, புதிதாக ஒரு பெயரை வைத்தார். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. இரண்டு விதமாகவும் பெயர் வைத்த தாய்மாரை அந்தத் தெருவிலேயே பார்த்தேன்.

நாகப்பட்டினத்திலேயே, தம் மூன்று குழந்தைகளையும் அந்த ஒரே நாளில் இழந்த ஒரு தம்பதி, ஆதரவற்ற குழந்தைகளைத் தம் வீட்டுக்கு அழைத்துவந்து வளர்க்கத் தொடங்கி, அந்த இல்லத்துக்கு நம்பிக்கை என்றே பெயரிட்டார்கள் என்பது பலர் அறிந்த செய்தி. பத்திரிகைகள் அவர்களைக் கொண்டாடின, கொண்டாடத் தகுந்தவர்களே. ஆயினும் நான் நினைத்துப் பார்ப்பது, அந்தக் குழந்தைகளை வீட்டுக்குள் அழைத்துவந்த முதல் நாளின் இரவை. தட்டு எத்தனை வைப்பது, எந்தக் குழந்தைக்கு எது பிடிக்கும், யார் இருட்டுக்குப் பயப்படுகிறார்கள் என்று தெரியாத அந்த இரவில், சொந்தக் குழந்தைகளின் சட்டைகள் இருந்த அலமாரியைத் திறக்க வேண்டிவந்தால் அந்தத் தாயின் கை எப்படி இருந்திருக்கும்? நம்பிக்கை என்று பலகை எழுதி மாட்டுவதற்கு முன்னால் இத்தகைய எத்தனையோ இரவுகளைக் கடக்க வேண்டியிருந்திருக்கும்.

படகுகளின் கதைக்கு வருகிறேன். மறுபடியும் கடலுக்குப் போன நாளைப் பற்றிக் கேட்டால், ஊருக்கு ஊர் ஒரு விதமாகச் சொல்லுகிறார்கள். பல ஊர்களில் பஞ்சாயத்தார் கூடி நாள் குறித்தார்கள். தனி மனிதனாக எவனும் முதலில் போக விரும்பவில்லை. பயம் ஒரு காரணம், தன் வீட்டு இழவை மறந்துவிட்டான் என்ற பழிச்சொல்லுக்கு அஞ்சியது இன்னொரு காரணம். ஊரே சேர்ந்து போனால் அந்தப் பழி ஒருவன் மேல் விழாது. கிராமப் பஞ்சாயத்தின் மேல் நமக்குப் பல ஆட்சேபங்கள் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் ஒரு துக்கத்தை முடித்துவைக்கும் அதிகாரத்தை ஊர் கையில் எடுத்துக்கொண்டு, இன்னதோடு போதும், இனி வலையை எடுங்கள் என்று சொன்னது, தனி மனிதன் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள முடியாத ஓர் அனுமதி. நகரத்தில் வாழும் நமக்கு இப்படி ஒருவர் சொல்ல ஆளில்லை. நம் துக்கம் எப்போது முடிய வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அதனாலேயே பல பேருக்கு அது முடிவதில்லை.

இதே நாகைக் கரையில் பிறந்தவர் அதிபத்த நாயனார். பெரியபுராணம் போற்றும் அறுபத்துமூவரில் ஒருவரான இந்தப் பரதவர், தமக்குக் கிடைக்கும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடும் நியமம் பூண்டவர். ஒரு காலத்தில் பாடு குறைந்து, நாள் ஒன்றுக்கு ஒரே மீன்தான் அகப்பட்டது, அதையும் விட்டுவிட்டார். சுற்றம் பட்டினியால் வாடிற்று. ஒரு நாள் பொன்னும் மணியுமாக ஒரு மீன் அகப்பட, அதையும் தயங்காமல் கடலில் விட்டார். இறைவன் காட்சி கொடுத்தான். இன்றும் ஆவணி மாதத்தில் நாகைக் கடற்கரையில் அந்தப் பொன்மீன் வைபவம் நடைபெறுகிறது. கதை கேட்பவர்கள் எல்லோரும் பொன்மீனையே நினைவில் வைத்துக்கொள்ளுகிறார்கள். அதைக் கைவிட்ட தியாகத்தைப் போற்றுகிறார்கள். சுனாமிக்குப் பிறகு அந்தக் கதையை யோசித்தபோது என் சிந்தை பொன்மீனில் நிற்கவில்லை. ஒரே மீன் அகப்பட்டு, அதையும் விட்டுவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, பசித்த முகங்களைப் பார்த்து, மறுநாள் விடியுமுன் திரும்பவும் படகைத் தள்ளினாரே, அந்தக் காலைகளைப் பற்றித்தான் யோசித்தேன். அத்தகைய காலைகள் பல இருந்தன என்று கதையே சொல்லுகிறது. இறைவன் அவற்றில் ஒன்றிலும் காட்சி கொடுக்கவில்லை.

எல்லோரும் மீண்டுவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய்யாகும். இறந்த ஒவ்வொருவருக்கும் மத்திய, மாநில அரசுகள் சேர்த்துக் கொடுத்த இரண்டு லட்சம் ரூபாயைக் கள்ளுக்கும் சாராயத்துக்கும் கொடுத்துத் தீர்த்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பணத்தைத் தொட மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்து வறுமையில் மாய்ந்தவர்களும் இருந்தார்கள். மனைவியை இழந்த சிலர் மாதங்களுக்குள் இளம் பெண்களை மணந்துகொண்டது அந்த நாளிலேயே வருத்தத்தோடு பேசப்பட்டது. கடல் தெரியாத ஊருக்குப் போய்க் கட்டட வேலை செய்யத் தொடங்கி, திரும்பி வராதவர்களும் உண்டு. இவர்களுடைய நம்பிக்கைக் குறைவைப் பற்றி யாரும் பேசக் கூடாது. இழுத்துச் செல்ல ஒரு கை அந்த நேரத்தில் அவர்களுக்குக் கிட்டவில்லை. கிட்டியபோது பற்றிக்கொள்ளத் தெம்பு இருக்கவில்லை. அதற்கு மேல் நமக்கு என்ன தெரியும்?

பிழைத்த குழந்தைகளுக்குப் படம் வரையத் தாளும் வண்ணமும் கொடுத்தபோது, பனைமரத்துக்கு மேல் உயர்ந்த அலையைத்தான் அவர்கள் திரும்பத் திரும்ப வரைந்தார்கள் என்பதை அக்காலத்தில் அங்கு பணியாற்றியவர்கள் எல்லோரும் சொல்லுவார்கள். மாதங்கள் செல்லச் செல்ல அலையின் பக்கத்தில் ஒரு வீடு வந்தது. பின்னர் ஒரு படகு வந்தது. ஆனால் அலை படத்தை விட்டுப் போகவில்லை. பயம் நீங்கிய பிறகு வருவதே நம்பிக்கை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்பதற்கு இந்தப் படங்களே எனக்குச் சாட்சி.

2012 ஏப்ரல் 11, மதியம் இரண்டு மணிக்குச் சற்றுப் பின்னர் சுமத்ராவுக்கு அப்பால் மறுபடியும் பூகம்பம், 8.6 அளவு. இம்முறை செய்தி சொல்ல ஏற்பாடு இருந்தது. 2007 முதல் ஹைதராபாதில் இயங்கிவரும் எச்சரிக்கை மையத்திலிருந்து அறிவிப்பு வந்தது. கரையோரம் முழுவதும் மக்கள் மேட்டை நோக்கி ஓடினார்கள். அந்த மீன்கார அம்மாளும் ஓடினார். அலைக்குப் பின் பிறந்த பிள்ளைக்கு அப்போது ஆறு வயது, பள்ளிக்கூடத்தில் இருந்தான். கூடையைப் போட்டது போட்டபடி பள்ளிக்கூடத்துக்குப் போய், அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நாகூர் சாலை வரைக்கும் நிற்காமல் போனதாகச் சொன்னார். வழியில் செருப்பு அறுந்துவிட்டது. எந்தத் தெய்வத்தின் பெயரும் அப்போது வாயில் வரவில்லையாம். பிள்ளையின் மணிக்கட்டை விட்டுவிடக் கூடாது என்பது ஒன்றுதான் நினைப்பாக இருந்ததாம். பொழுது சாய்ந்ததும் அலை வராது என்று தெரிந்தது. எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். அன்றிரவு பிள்ளை தூங்கிய பின் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, வெகுநேரம் அழுததாகச் சொன்னார். மூத்த இருவருக்காக அவ்வளவு நேரம் அழுதது அதுவே முதல் தடவையாம்.

மறுநாள் காலையில் ஏலத்துக்குப் போனீர்களா என்று கேட்டேன். என்னைச் சற்று வியப்போடு பார்த்தார்.

“போகாம? பதினஞ்சாந் தேதி தடைக்காலம் ஆரம்பிச்சா அப்பல்லாம் ஒன்றரை மாசம் போட்டு ஓடாது. மூணே நாளுதான் கெடந்துச்சு. குழுவுக்குத் தவணை வேற கட்டணும். விடியக்காலமே போயி ரெண்டு கூடை சங்கரா எடுத்தேன். முந்தின நாளு பயந்துக்கிட்டு யாரும் மீன் வாங்கலயா, அன்னைக்கு நல்லா வித்துச்சு.”